நகரங்களுக்கான பேரிடர் மீள்திறன் மதிப்பெண் அட்டை: உள்ளாட்சி அலுவலகத்துக்கு எவ்வளவு பயன்படும்?

உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் பேரிடர்த் தயார்நிலையைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளப் பயன்படுத்தும் கருவிகளுள் பரவலாக அறியப்பட்டது, ஐக்கிய நாடுகள் பேரிடர் அபாயக் குறைப்பு அலுவலகம் இலவசமாக வழங்கும் 'நகரங்களுக்கான பேரிடர் மீள்திறன் மதிப்பெண் அட்டை'. கணினி நிறுவனமான ஐபிஎம், பொறியியல் ஆலோசனை நிறுவனமான ஏஇகாம் ஆகியவற்றின் பங்களிப்போடு 2014-இல் முதல் வடிவம் பெற்ற இந்த அட்டை, 2015-இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டமான சென்டாய் கட்டமைப்புக்கு ஏற்றவாறு திருத்தப்பட்டு 2017-இல் மீண்டும் வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம். மதிப்பெண்களைப் பதிய எக்செல் தாளும் உண்டு. ஊரின் தயார்நிலையை இது நன்றாகவே அளக்கிறது. ஊரை மீட்க வேண்டிய அலுவலகமே பேரிடரில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை மட்டும் போதிய அளவு கேட்கவில்லை. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்தக் குறையைப் பற்றியதே.

அட்டை பத்து அடிப்படைகளின் மேல் கட்டப்பட்டுள்ளது. நிர்வாக ஒருங்கிணைப்பு, அபாயங்களை அறிதல், நிதித் திறன், நகர வடிவமைப்பு, இயற்கை அரண்கள், நிறுவனத் திறன், சமூகத் திறன், உள்கட்டமைப்பு, அவசரகாலச் செயல்பாடு, மீட்சி என்பதே வரிசை. தொடக்க நிலை மதிப்பீட்டில் 47 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பல துறையினரும் கூடும் ஒன்றிரண்டு நாள் பயிலரங்கில் முடித்துவிடலாம். விரிவான நிலையில் 117 அளவுகோல்கள். மதிப்பெண் 0 முதல் 5 வரை. ஒரு மாதம் முதல் நான்கு மாதங்கள் வரை பிடிக்கும் என்று அதன் வழிகாட்டியே சொல்கிறது.

இதன் மிகச் சிறந்த அம்சம், நிகழ வாய்ப்பு மிகுந்த பேரிடர் ஒன்றையும் மிகக் கடுமையான பேரிடர் ஒன்றையும் முதலில் வரையறுக்கச் சொல்லி, பின்வரும் பல கேள்விகளை அந்த இரண்டையும் மனத்தில் வைத்தே விடையளிக்கச் செய்வதுதான். 'வெள்ளத்துக்குத் தயாரா?' என்று பொதுவாகக் கேட்டால் எந்தத் துறையும் தயார் என்றுதான் சொல்லும். குறிப்பிட்ட அளவு நீர் குறிப்பிட்ட பகுதியில் நிற்கும்போது நீரேற்று நிலையத்துக்கு மின்சாரம் எத்தனை நாளில் திரும்பும் என்று கேட்டால், குடிநீர்ப் பிரிவும் மின்சாரப் பிரிவும் வேறு வேறு விடைகளைத் தரும். அந்த முரண்பாடு மேசைக்கு வருவதே இந்தக் கருவியால் கிடைக்கும் பெரிய ஆதாயம். ஒருவர் 3 என்றும் இன்னொருவர் 1 என்றும் சொல்லும் கேள்விகளைச் சராசரி போட்டு 2 என்று எழுதிவிட்டால் பயிலரங்கு நடத்திய பயன் பாதி போய்விடும். அத்தகைய கேள்விகளைத் தனித் தாளில் குறித்து வைத்து, மாறுபட்டதற்கான காரணத்தையும் அருகில் எழுதிக்கொள்வது நல்லது.

இது சுயமதிப்பீடு, வெளியார் வந்து சரிபார்க்கும் ஏற்பாடு கருவிக்குள் இல்லை. ஆகவே மேலதிகாரி முன்னிலையில் மதிப்பெண்கள் உயர்வது இயல்பு. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஆதாரமான ஆவணத்தின் பெயரையும் அது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட ஆண்டையும் குறிக்க வேண்டும் என்ற விதியை நடத்துபவர் முதலிலேயே அறிவித்துவிட்டால் இந்தப் பழக்கம் பெருமளவு அடங்கும்.

இனி குறைக்கு வருவோம். 'நிறுவனத் திறன்' என்ற தலைப்பைப் பார்த்ததும், அலுவலகம் தன் பணியைத் தொடரும் ஆற்றலைப் பற்றிய பகுதி இது என்று நினைக்கத் தோன்றும். தொடக்க நிலையில் அங்கே கேட்கப்படுவனவோ ஊழியர்களின் திறன்கள், பொதுமக்கள் விழிப்புணர்வு, தரவுப் பகிர்வு, பயிற்சி, அது எந்தெந்த மொழிகளில் கிடைக்கிறது, பிற ஊர்களிடமிருந்து கற்பது ஆகியவைதான். நிர்வாகப் பணியின் தொடர்ச்சியும் கணினித் தரவின் பாதுகாப்பும் விரிவான நிலையில் உள்கட்டமைப்பு என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. தொடக்க நிலையோடு நின்றுவிடும் ஊர் இந்தக் கேள்விகளைச் சந்திக்காமலேயே போகக்கூடும்.

இது நுணுக்கக் குறை அன்று. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஓட்சுச்சி நகரை ஆழிப்பேரலை தாக்கியபோது, மேயரும் அலுவலர்களும் நகர அலுவலகத்தின் முன்னே பேரிடர் நடவடிக்கைக்காகத் திரண்டிருந்தார்கள். மேயரோடு ஏராளமான ஊழியர்களும் உயிரிழந்தார்கள். மீட்பை வழிநடத்த வேண்டியவர்களே இல்லாமல் போனார்கள். அதே பேரலையில் ஓட்சுச்சி, ரிக்குசென்தகாதா, மினாமிசான்ரிக்கு, ஒனகவா ஆகிய நான்கு ஊர்களின் குடும்பப் பதிவேடுகள் அழிந்தன. நீதி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் சட்ட அலுவலகங்களில் நகல்கள் இருந்ததால்தான் அவற்றை மீண்டும் உருவாக்க முடிந்தது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அட்லாண்டா மாநகராட்சியின் கணினிகளைப் பணம் கேட்டு மிரட்டும் இணையத் தாக்குதல் முடக்கியபோது ஒரு கட்டடம்கூட இடியவில்லை. ஆயினும் கட்டணம் செலுத்துவது முதல் நீதிமன்றப் பணிவரை தடைப்பட்டது. சுமார் 51,000 டாலர் கேட்டுத் தொடங்கிய மிரட்டலிலிருந்து மீள நகரம் பல மில்லியன் டாலர் செலவிட்டது.

எனவே தொடக்க நிலையைப் பயன்படுத்துவோர் சில கேள்விகளைத் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். தலைமை அலுவலர் எட்டாத நிலையில் செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அடுத்து யாருக்கு, அவருக்கும் அடுத்து யாருக்கு என்பது எழுத்தில் இருக்கிறதா? எந்தப் பணி சில மணி நேரத்துக்குமேல் நிற்கக்கூடாது, எது ஒரு வாரம் பொறுக்கும் என்று முன்பே பிரித்திருக்கிறார்களா? கணினித் தரவின் காப்புப் பிரதி அதே கட்டடத்திலோ அதே வலைப்பின்னலிலோ இருக்கிறதா, அதிலிருந்து தரவை உண்மையிலேயே மீட்டுப் பார்த்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மௌனம் கிடைக்கும். ஊழியர்களின் சொந்த வீடும் குடும்பமும் அதே பேரிடரில் சிக்கியிருக்கும் என்பதையும் ஆள்கணக்கில் சேர்க்க வேண்டும். முழு எண்ணிக்கையும் பணிக்கு வரும் என்று எழுதப்பட்ட திட்டம் வெறும் காகிதம். பணித் தொடர்ச்சி மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 22301 என்ற சர்வதேசத் தரநிலை 2012-இல் வெளிவந்து 2019-இல் திருத்தப்பட்டது. சான்றிதழ் வாங்காவிட்டாலும் அதன் முறையைக் கடன்வாங்கி இந்தக் கேள்விகளை ஒழுங்குபடுத்தலாம்.

மீட்சிக்கு அட்டை ஒதுக்கும் இடமும் எனக்கு நிறைவளிக்கவில்லை. 47 கேள்விகளில் உள்கட்டமைப்புக்கு ஒன்பது, அவசரகாலச் செயல்பாட்டுக்கு ஏழு. மீட்சிக்கு இரண்டே இரண்டு. ஒன்று மறுசீரமைப்புத் திட்டம் உண்டா என்கிறது. மற்றது பெற்ற பாடங்கள் திட்டத்துக்குள் வருகின்றனவா என்கிறது. அவசரகாலம் சில நாட்களில் முடிய, மீட்சி ஆண்டுக்கணக்கில் நீள்வதையும், 'முன்பைவிடச் சிறப்பாக மீளக் கட்டுதல்' சென்டாய் கட்டமைப்பின் நான்காவது முன்னுரிமையில் இடம்பெற்றிருப்பதையும் நோக்கும்போது இந்த விகிதம் வியப்பளிக்கிறது. இடிபாடுகளை அகற்றும் ஒப்பந்தம் முன்கூட்டியே செய்யப்பட்டிருக்கிறதா, அவற்றைக் கொட்டும் இடம் முடிவாகிவிட்டதா, சேதத்தைப் பதிவு செய்யும் படிவமும் ஆளும் தயாராக இருக்கிறார்களா, அதே இடத்தில் மீளக் கட்ட அனுமதிப்பதா என்பதை யார் முடிவு செய்வது ஆகியவை தனித்தனியே மதிப்பெண் பெறத் தக்கவை. நிதிப் பகுதி அவசர நிதியையும் காப்பீட்டையும் கேட்கிறது. வரி வருவாய் சரியும் அதே மாதங்களில் செலவு ஏறும்போது சம்பளத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கையில் பணம் இருக்குமா என்பதைக் கணக்கு அலுவலரை வைத்துக்கொண்டு நாமே நீட்டிப் பேச வேண்டும்.

சிறிய ஊர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மின்சாரம், தொலைத்தொடர்பு, மருத்துவமனை ஆகியவை பல இடங்களில் உள்ளாட்சியின் அதிகாரத்துக்குள் வருவதில்லை. அவற்றுக்குத் தாழ்ந்த மதிப்பெண் இட்டு மனம் தளர்வதைவிட, அந்த நிறுவனங்களின் பிரதிநிதிகளை அழைத்து அவர்களையே விடை சொல்ல வைக்கலாம். அட்டை எதிர்பார்க்கும் பங்கேற்பும் அதுவே. பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இணைப்பு ஒன்று இருக்கிறது. சுகாதாரப் பிரிவைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஊர்கள் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

விலையில்லாத கருவி என்பதாலும், துறைகளை ஒரே மேசையில் அமர்த்துவதில் இது காட்டும் திறனாலும், தொடக்க நிலையை எந்த உள்ளாட்சிக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். விரிவான நிலைக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். தொடக்க நிலை காட்டிய குறைகளில் ஓரிரண்டேனும் அடுத்த நிதிநிலை அறிக்கையில் தொகையும் பொறுப்பாளரின் பதவியும் குறிக்கப்பட்டு இடம்பெறாத வரையில், 117 அளவுகோல்களுக்காக ஊழியர்களின் மாதங்களைச் செலவிடுவதில் பொருளில்லை.