குறுக்குத்துறையில் ஓர் ஓவிய நடை

திருநெல்வேலி வட்டாரத்து ஓவியர்களை ஒன்றுசேர்த்து ஒரு சிறு குழுவினர் நடத்திய, இடம் இடமாகப் போய் நேரில் பார்த்து வரையும் ஓவிய நடையில், கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 350 ரூபாய் கட்டிக் கலந்துகொண்டேன். காலை 6 மணிக்குத் தாமிரபரணி ஆற்றங்கரையிலுள்ள குறுக்குத்துறையில் தொடங்கி, சுலோசன முதலியார் பாலத்தைப் பார்த்துவிட்டு, டவுன் ரத வீதியில் 10.30 மணிக்கு முடிப்பதாகத் திட்டம். இருபது ஆண்டுகளாக இதே ஊரில் நீர்வண்ணம் தீட்டி வரும் எனக்கு, என்னைப்போல் வரைகிறவர்கள் இத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள் என்பதே அன்றுதான் தெரிந்தது. கோயில் கோபுரங்களுக்குச் சுதை வேலை (சுண்ணாம்புச் சாந்தில் சிற்பம்) செய்பவர், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், ஃபிளெக்ஸ் வந்தபின் தொழிலை விட்ட பாளையங்கோட்டை போர்டு பெயிண்டர், பத்தமடையில் பாய் நெய்யும் ஓர் அம்மா, கல்லூரி மாணவர்கள் என 22 பேர் வந்திருந்தோம்.

குறுக்குத்துறையைத் தேர்ந்தெடுத்ததற்காகவே ஏற்பாட்டாளர்களைப் பாராட்ட வேண்டும். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்த முருகன் கோயில், வெள்ளம் வரும்போதெல்லாம் மூழ்கி எழுவது. உற்சவரை முன்கூட்டியே மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை நேரில் கண்ட யாரும் அந்தச் சுவர்களை வெறும் கட்டடமாகப் பார்க்க முடியாது. திருச்செந்தூர் மூலவரின் திருவுருவம் இங்குள்ள பாறையில்தான் செதுக்கப்பட்டது என்பது ஐதீகம் என்று சுதைச் சிற்பி சொன்னபோது, மாணவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அங்கே நான் கண்ட இரண்டு காட்சிகளுக்கே கட்டிய பணம் தகும். பத்தமடை அம்மா கட்டம் போட்ட கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். படித்துறையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு வரிசைக் கட்டங்களை ஒதுக்கி, நிழல் விழும் கட்டங்களை மட்டும் நிரப்பிக்கொண்டே போனார்; அரை மணி நேரத்தில் அப்படியே பாயில் நெய்துவிடக்கூடிய ஒரு படித்துறை அந்தத் தாளில் இருந்தது. இன்னொரு பக்கம், கோயில் சுவரில் படிந்திருந்த வண்டல் கறையின் நிறம் தன் வண்ணப்பெட்டியில் கிடைக்கவில்லை என்று ஒரு மாணவி திணறிக்கொண்டிருந்தாள். போர்டு பெயிண்டர் கரையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஆற்று நீர் விட்டுக் குழைத்து, “இதையே தேச்சுப் பாரு தாயி, தண்ணி வந்த கோடு தானா வந்துரும்” என்றார். விரலால் ஓர் இழுப்புதான் இழுத்தாள். கறை சுவரில் இருந்தபடியே தாளுக்கு வந்துவிட்டது. “அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் குழைச்சுத் தாங்க” என்று அவள் கை நீட்டினாள்.

இப்படிக் கூடிவந்த வேளையில்தான், முக்கால் மணி நேரம் முடிந்துவிட்டதென்று எல்லோரையும் வேனில் ஏற்றினார்கள். எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது; கலெக்டர் அலுவலகச் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம். அதன் 11 வளைவுகளும் நீரில் விழும் நிழலோடு வரைய அருமையானவை. ஆனால் 25 நிமிடங்களில் வளைவுகளின் அளவை ஒழுங்காகப் பிடிக்கவே நேரம் போதவில்லை. நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்து இசைத்தூண்களை வரையலாம் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். அதற்கு அவர்கள் முன்னதாக அனுமதி கேட்டு வைக்காததால், ரத வீதியில் வெயிலில் நின்றுகொண்டு கோபுரத்தை மட்டும் வரைந்தோம். பணம் வாங்கி நடத்துகிறவர்கள் இதில் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

கட்டணத்தில் ஒரு வரைதாள் அட்டை, ஒரு 4பி பென்சில், காலைச் சிற்றுண்டி ஆகியவை அடங்கும். இட்லியும் சாம்பாரும் நன்றாக இருந்தன. தாள்தான் மெலிது, நீர்வண்ணம் தொட்டதும் அலையலையாகச் சுருங்கியது. வண்ணம் தீட்ட எண்ணுபவர்கள் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாளைத் தாங்களே கொண்டுபோவது நல்லது. கரையில் உட்காருவதற்கு ஒரு துண்டும் வேண்டும்; படிகள் ஈரமாகவே இருக்கின்றன.

முடிவில் படங்களையெல்லாம் வரிசையாகப் பரப்பி ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துப் பேசும் நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம்தான் மிஞ்சியது. சுதைச் சிற்பி ஒவ்வொரு படத்தின் முன்னும் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் உயர அகலங்களை அளந்து, எங்கே விகிதம் தவறியது என்று பொறுமையாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். நான்காவது படத்தோடு நேரம் முடிந்துவிட்டது. என் படம் ஏழாவதாக இருந்தது.

அடுத்த நடையைத் திருப்புடைமருதூரில் வைத்துக்கொள்ளலாமா என்று ஏற்பாட்டாளர்கள் எங்களிடமே கேட்டார்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன. கோயிலை ஒட்டியே தாமிரபரணி ஓடுகிறது. அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள், காலை முழுவதும் அந்த ஓரிடத்திலேயே இருக்க விடுங்கள் என்று பலரும் ஒரே குரலில் சொன்னோம். குறித்துக்கொண்டார்கள். அந்த இரண்டையும் செய்வதாக இருந்தால், 500 ரூபாய் கேட்டாலும் கட்டுவேன்.