பணம் கொடுக்கும் முன் எச் விசையைத் தட்டிப் பாருங்கள்

எங்கள் பயிற்சிக் கையேட்டை இணையப் பக்கங்களாக மாற்றித் தர ஒருவரிடம் ஒப்படைத்தேன். மொத்தம் 40 பக்கங்கள். பார்க்க அழகாகவே இருந்தன. முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் பார்வையற்ற வாசகர் ஒருவர் எழுதினார்: "பக்கத்தில் ஒரு தலைப்புகூட இல்லையே, எதை எங்கே தேடுவது?"

பக்கத்துக்கு ஏழெட்டுத் தலைப்புகள் என் கண்ணுக்குத் தெரிகின்றனவே! நிரலைத் திறந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. எல்லாமே எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிய வெறும் பத்திகள். திரையில் இருப்பதைப் பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான், எழுத்தின் பருமனைப் பார்த்துத் தலைப்பைக் கண்டுகொள்வதில்லை. நிரலில் தலைப்பைக் குறிக்கும் எச்1 (h1) முதல் எச்6 (h6) வரையிலான குறிச்சொற்களைத்தான் தேடும். என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பானில் எச் (H) விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். எங்கள் பக்கத்தில் தாவ எதுவுமில்லை. பாவம், அவர் முதல் வரியிலிருந்தே கேட்டாக வேண்டும்.

பட்டியல்கள் இன்னும் மோசம். பக்கங்களைச் செய்து தந்தவர் செய்முறைப் படிகளுக்குக் கையாலேயே எண் போட்டு, பிஆர் (br) குறிச்சொல்லால் வரிகளை உடைத்திருந்தார். மூன்றாம் படிக்குப் பின் ஒன்றைச் சேர்க்கப் போய், கீழே இருந்த 11 எண்களையும் நானே மாற்றினேன். எண்பட்டியலுக்கான ஓஎல் (ol), அதன் ஒவ்வோர் உருப்படிக்குமான எல்ஐ (li) குறிச்சொற்களைப் போட்டிருந்தால் உலாவியே எண்ணியிருக்கும். பட்டியலில் 15 உருப்படிகள் என்று திரைவாசிப்பானும் முதலிலேயே சொல்லியிருக்கும்.

கேட்டதற்கு, "திரையில் சரியாகத்தானே தெரிகிறது?" என்றார். வற்புறுத்தியதும் திருத்தினார். திருத்திய லட்சணம்: எச்1-க்கு அடுத்து நேராக எச்4. அந்த எழுத்தளவு பொருத்தமாக இருந்ததாம்! அளவை மாற்ற, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் (CSS) இருக்கிறது. எச்சுக்குப் பின்வரும் எண், எதற்குள் எது அடங்கும் என்று காட்டுவதற்கு. உள்பட்டியலையும் எல்ஐக்குள் வைக்காமல் வெளிப்பட்டியலின் யுஎல்லில் (ul, எண்ணில்லாப் பட்டியலுக்கான குறிச்சொல்) நேராகச் செருகியிருந்தார். உலாவி இதற்கெல்லாம் கூச்சல் போடாது, எப்படியாவது ஒப்பேற்றிக் காட்டிவிடும். இப்படிப்பட்டவர்களின் பிழைப்பு ஓடுவதே அதனால்தான்.

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பக்கம் இருப்பது, அதாவது அணுகல்தன்மை பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பது அவருடைய கடைசி வாதம். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி (WCAG) விதிகளில் மிக அடிப்படையான ஏ நிலையிலேயே, தலைப்பையும் பட்டியலையும் நிரலில் குறிப்பது 1.3.1 என்ற எண்ணில் வருகிறது என்றேன். அதன்பின் அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

நீங்கள் அந்த எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். என்விடிஏ இலவசம்தான், பக்கத்தைத் திறந்து எச், பிறகு பட்டியலுக்கு எல் விசையைத் தட்டுங்கள். அடுத்த தலைப்பு இல்லை என்று எடுத்த எடுப்பிலேயே குரல் வந்தால் பாக்கித் தொகையை நிறுத்திவையுங்கள். நான் இப்போது ஒவ்வொரு பக்கமாகக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன்; இன்னும் 13 பாக்கி.