வால்ஸ்: உலக மொழிகளைப் புள்ளி வைத்துக் காட்டும் தளம்

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்க வரும் பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. ஆங்கிலத்திலேயே யோசித்துப் பழகியவர்கள் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள்: "வினை ஏன் கடைசியில் வருகிறது? எல்லாம் தலைகீழாக இருக்கிறதே!" அப்போது நான் இலக்கணப் புத்தகத்தைத் தொடுவதில்லை. வால்ஸ் தளத்தின் 81ஆவது அத்தியாயத்துக்கான வரைபடத்தைத் திறந்து காட்டுவேன். 1,376 மொழிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எழுவாய், செயப்படுபொருள், வினை என்று நம்மைப் போல அடுக்குபவை நீலம், அவை 564. ஆங்கிலம் போல வினையை நடுவில் வைப்பவை சிவப்பு, அவை 488. ஜப்பானியம், கொரியன், துருக்கியம், பாஸ்க், கெச்சுவா எல்லாம் நம் பக்கம். ஜெர்மன் இரண்டிலும் சேராமல், ஒரே வரிசை என்று சொல்ல முடியாத 189 மொழிகளோடு நிற்கிறது. அதற்குப் பிறகு யாரும் தலைகீழ் என்று சொல்வதில்லை.

'வேர்ல்ட் அட்லஸ் ஆஃப் லாங்குவேஜ் ஸ்ட்ரக்சர்ஸ்', அதாவது உலக மொழிகளின் அமைப்பைக் காட்டும் வரைபடத் தொகுப்பு என்பதன் சுருக்கம்தான் வால்ஸ். 2005இல் சிடியோடு கூடிய தடித்த புத்தகமாக வந்து, 2008இல் இணையத்துக்கு மாறியது. ஜெர்மனியில் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தில் உருவான வேலை. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

எனக்கு மிகவும் உதவுவது 95ஆவது அத்தியாயம். செயப்படுபொருளுக்குப் பின் வினை வரும் மொழிகளில் 'மேல்', 'உடன்', 'வரை' போன்ற சொற்களும் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வரும். அப்படி இருப்பவை 472. வினையைப் பின்னால் வைத்துக்கொண்டு இந்தச் சொற்களை மட்டும் பெயருக்கு முன்னால் வைப்பவை வெறும் 14. பாரசீகம் அந்தச் சின்னக் கூட்டத்தில் ஒன்று. வினை முந்தி வரும் மொழிகளில் இது அப்படியே திரும்பிவிடுகிறது: இந்தச் சொற்களும் முன்னால் வருபவை 456, பின்னால் வருபவை 42. இதைப் பார்த்த மாணவருக்கு 'மேசைமேல்' ஏன் 'மேல்மேசை' ஆகாது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. வினையின் இடம் புரிந்தாலே இதுவும் பாதி புரிந்த மாதிரி. எந்தப் புள்ளியைத் தொட்டாலும் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். மொழியின் பெயர், அது எந்த வகை, அந்தத் தகவல் எந்த நூலிலிருந்து வந்தது எல்லாம் அதில் இருக்கும். பல இடங்களில் பக்க எண்ணும் உண்டு. இந்தக் கவனத்துக்காகவே இந்தத் தளத்தை நான் நம்புகிறேன்.

பலரும் எட்டிப் பார்க்காத 142ஆவது அத்தியாயத்தையும் சொல்லியாக வேண்டும். உச்சுக்கொட்டுவதைப் பற்றியது! நாம் இரக்கத்துக்கோ சலிப்புக்கோ 'ச்சு' என்கிறோம். அதே ஒலி வேறு சில மொழிகளில் 'இல்லை' என்ற பதிலாகவே நிற்கிறது. இதையெல்லாம் உட்கார்ந்து தொகுத்திருக்கிறார்களே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். எல்லா வரைபடத்திலும் எல்லா மொழிகளும் இருக்காது. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்', சேர்க்காமல் சொல்லும் 'நாங்கள்' என்ற வேறுபாட்டைப் பற்றிய 39ஆவது அத்தியாயம் 200 மொழிகளை மட்டுமே பார்க்கிறது. அவற்றில் 63இல் அந்த வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகள் உள்ள பகுதியில் அந்தப் புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். ஓரிடத்தில் புள்ளி இல்லை என்றால் அந்த மொழி இந்த வரைபடத்துக்கு எடுக்கப்படவில்லை என்றுதான் பொருள்; அந்த வேறுபாடு அங்கே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதனால் வரைபடத்தைப் பார்த்ததும் அத்தியாயத்தையும் படித்துவிடுங்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் மொழிகளை எப்படி வகைப்படுத்தினார்கள் என்பது அங்கேதான் இருக்கும். நல்ல எழுத்து, ஆனால் முழுக்க ஆங்கிலம்; கலைச்சொற்களும் அதிகம். அப்புறம், புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் நியூ கினி போன்ற பகுதிகளுக்குக் கைபேசித் திரை போதாது. கணினியில் பாருங்கள்.

இன்னும் புதிய தரவு வேண்டுமென்றால் 2023இல் வெளியான கிராம்பேங்க் என்ற இலக்கணத் தரவுத்தளம் இருக்கிறது: 2,467 மொழிகள், 195 இலக்கணக் கூறுகள். கணக்குப் போட்டு ஆய்வு செய்பவர்களுக்கு அதுவே மேல். உட்கார்ந்து வாசிக்க ஆசைப்படுபவர்கள் வால்ஸுக்கே வரட்டும். முதலில் 81, கையோடு 95, அப்புறம் 142.