ஊஞ்சல் செட்டுக்குப் பணம் கட்டும் முன்: விளம்பரம் காட்டாத எட்டு மீட்டர்

கொல்லைப்புறத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போடலாம் என்று தேட ஆரம்பித்தால் எங்கு பார்த்தாலும் ஒரே படம்தான். பச்சைப் புல்வெளி, நடுவே பளபளக்கும் இரும்புக் கால்கள், வீசி ஆடும் இரண்டு பிள்ளைகள். ஏமாற்று அந்தப் படத்திலேயே தொடங்கிவிடுகிறது. விழும் பிள்ளையைப் புல் காப்பாற்றாது. சுற்றிலும் தெரியும் வெட்டவெளியோ அழகுக்காக விட்டது அல்ல. அந்த இடம் இல்லையென்றால் செட்டையே போடக்கூடாது. இந்த இரண்டைப் பற்றியும் விளம்பரத்தில் ஒரு வரி இருக்காது.

'அளவு' என்று 3 மீ. × 2 மீ. போட்டிருப்பார்கள். கால்கள் ஊன்றும் இடம் மட்டும்தான் அது. ஆடுவதற்கான இடக் கணக்கு வேறு. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு சொல்லும் விதி இது: மேல் பைப் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரம் முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் 1.8 மீ. மேல் பைப் 2 மீ. உயரம் என்றால் முன்னால் 4, பின்னால் 4, ஆக 8 மீ. மூன்று மீட்டர் நீளச் செட்டுக்குப் பக்கவாட்டையும் சேர்த்தால் 6.6 மீ. கிட்டத்தட்ட 53 சதுர மீட்டர்! இதற்குள் மதில், மரம், தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி எதுவும் வரக்கூடாது. வாங்கும் முன் நான்கு குச்சி நட்டு, கயிறு கட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது தரை. ஊஞ்சலுக்கு விழும் உயரம் என்பது இருக்கையின் உயரம் அல்ல, சங்கிலி தொங்கும் புள்ளியின் உயரம். மர மல்ச் (தரையில் பரப்பும் மரத் துணுக்குகள்) 23 செ.மீ. கனத்துக்கு இருந்தால் சுமார் 2.1 மீ. வரை தாங்கும். அதே கனத்தில் மணல் 1.2 மீட்டருக்குத்தான் போதும். ஈரமானால் இறுகி அதுவும் போய்விடும். போட்ட மல்ச் நாளாவட்டத்தில் கால் பங்காவது அமுங்கும் என்பதால் முதலிலேயே 30 செ.மீ. கொட்ட வேண்டும். முழு இடத்துக்கும் கணக்குப் போட்டால் சுமார் 16 கன மீட்டர். சரளைக்கல் நிரப்பிய மண், சிமென்ட் தளம், பேவர் கல் எதன் மேலும் ஊஞ்சலை நிறுத்தக்கூடாது. செட்டோடு சேர்த்து 'பாதுகாப்பு மேட்' என்று ஒன்றிரண்டு செ.மீ. தடிமனில் விற்கும் பஞ்சு ஓடுகள் வீட்டுக்குள் தவழும் குழந்தைக்கானவை. இரண்டு மீட்டர் உயரத்துக்கு அவை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எந்த உயரத்துக்குச் சோதித்தது என்று கேளுங்கள், பதில் வராது.

இனி இரும்பு. 'ஹெவி டியூட்டி' என்ற சொல்லுக்கு எந்த அளவுகோலும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பைப்பின் விட்டத்தைப் பெரிதாகப் போட்டு, தடிமனை மறைப்பதுதான் வழக்கமான தந்திரம். ஆனால் எடை பொய் சொல்லாது. வெளிவிட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, அதைத் தடிமனால் பெருக்கி (இரண்டும் மி.மீட்டரில்), மறுபடி 0.0247ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் பைப்பின் எடை கிலோவில் கிடைக்கும். 50 மி.மீ. பைப் 2 மி.மீ. தடிமன் என்றால் மீட்டருக்கு 2.37 கிலோ. அதே பைப் 1.2 மி.மீ. என்றால் 1.45 கிலோ. நான்கு கால், ஒரு மேல் பைப் கொண்ட செட்டில் ஏறக்குறைய 12 மீ. பைப் இருக்கும்: முதல் வகை 28 கிலோ, இரண்டாவது 17 கிலோ. கடையில் நிற்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே பெட்டியின் எடையைக் கேளுங்கள். இருக்கை, சங்கிலி, அட்டை எல்லாம் சேர்ந்தே 20 கிலோ என்றால் பைப் எவ்வளவு மெலிசு என்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

மெல்லிய பைப் வளைவது ஒரு பக்கம். துரு இன்னொரு பக்கம். பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சுட்ட பெயிண்ட்) வெளியே மட்டும்தான் இருக்கிறது. போல்ட் துளை வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் காலின் அடியில் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் புதுசு போல இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பைப்பா, மேலே மூடியும் காலடியில் வடிகால் துளையும் உண்டா என்று பாருங்கள்.

தாங்கும் எடையில் நடக்கும் விளையாட்டு இதைவிட மோசம். 'கொள்ளளவு 100 கிலோ' என்பார்கள். ஒரு இருக்கைக்கா, மொத்தச் செட்டுக்கா? அசையாமல் தொங்கவிட்ட சுமையா, ஆடும் சுமையா? செங்குத்திலிருந்து 60 பாகை வரை வீசி ஆடும் பிள்ளை கீழே வரும்போது சங்கிலியில் தன் எடையைப் போல இரண்டு மடங்கு இழுவை கொடுக்கும். சங்கிலி படுக்கைமட்டம் வரை போனால் மூன்று மடங்கு. 25 கிலோ பிள்ளை 50 கிலோவாகிவிடும். இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் அந்த நூறு கிலோ அங்கேயே தீர்ந்தது. கூடவே அப்பா ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பார்; அவரை யார் தடுப்பது.

இப்படி ஆடும்போது சட்டத்தை முன்னும் பின்னும் தள்ளும் விசையும் உண்டு. இலேசான செட்டில் பின்கால்கள் தரையை விட்டு எழும்பித் தொம் தொம் என்று விழும், செட் மெல்ல நடக்கும். காலைத் தரையோடு பிணைக்கும் இரும்புதான் ஆங்கர். 'ஆங்கர் தேவையில்லை, புல்லில் வைத்தால் போதும்' என்று எழுதியிருந்தால் அந்த விற்பனையாளரை அதோடு விட்டுவிடலாம். பெட்டியோடு தரும் மெல்லிய ஆணிகள் இளகிய மண்ணில் ஒரு மழைக்குத் தாங்காது. நான்கு காலுக்கும் காங்கிரீட் குழி வேண்டும். காங்கிரீட்டின் தலை தரைமட்டத்துக்குக் கீழே இருந்து மல்ச்சால் மூடப்பட வேண்டும். காலை நேரடியாகக் காங்கிரீட்டில் புதைத்தால் மண் தொடும் விளிம்பில் துரு பிடிக்கும். ஆங்கரைப் பதித்து, காலை அதோடு போல்ட் போடுவதே சரி. காங்கிரீட் நன்றாக இறுகும்வரை பிள்ளைகளை ஏற்றக்கூடாது.

கொக்கிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். 'எஸ்' வடிவக் கொக்கியின் வாய் 1 மி.மீட்டருக்கு மேல் திறந்திருந்தால் சட்டை நூல் மாட்டும், சங்கிலியும் கழன்று வரும். இரும்பு வளையத்தில் இரும்புக் கொக்கி நேராக உரசினால் இரண்டும் தேயும். நடுவே நைலான் புஷ் அல்லது பேரிங் இருக்க வேண்டும். போல்ட்டின் முனை நட்டைத் தாண்டி இரண்டு மரைக்கு மேல் நீட்டக்கூடாது. கயிறு சாதாரண பாலிபுரொப்பிலீன் என்றால் வெயிலில் உளுத்துப் பொடியாகக் கொட்டும். எந்த இடைவெளியும் 9 செ.மீட்டருக்கும் 23 செ.மீட்டருக்கும் நடுவில் இருக்கக்கூடாது: உடம்பு நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அளவு அது. ஏணிப் படிகளிலும் கைப்பிடிக் கம்பிகளிலும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

'ஆறு விளையாட்டு ஒரே செட்டில்' வகையை வாங்கவே வேண்டாம் என்பேன். ஒரே மேல் பைப்பில் ஊஞ்சல், இருவர் எதிரெதிரே ஆடும் கிளைடர், வளையம், ஏணி என்று நெருக்கித் தொங்கவிட்டிருப்பார்கள். பொதுப் பூங்கா ஊஞ்சல்களுக்கே இரண்டு இருக்கைக்கு நடுவில் 61 செ.மீ., இருக்கைக்கும் காலுக்கும் நடுவில் 76 செ.மீ. கேட்கிறார்கள். கிளைடரின் இரும்புச் சட்டம் பக்கத்தில் நிற்கும் சின்னதின் நெற்றி உயரத்தில் வரும். நான்கு வயதுக்குக் கீழ் என்றால் நான்கு பக்கமும் அணைக்கும் வாளி இருக்கை. அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு வளையும் ரப்பர் இருக்கை. மரப்பலகையும் இரும்பும் வேண்டாம்.

மரச் செட் என்றால் பெயரில் ஏமாற்று. 'சீடர்' என்று விற்பதில் பல, சீன ஃபிர் மரத்துக்குச் சாயம் பூசியவை. 10 ஆண்டு வாரண்டியைப் பிரித்துப் படித்தால் மரம் உளுத்தலுக்கு மட்டும் இருக்கும். இருக்கை, சங்கிலி, வெடிப்பு, அனுப்பும் செலவு எல்லாம் உங்கள் தலையில். பழைய மரச் செட்டை இரண்டாம் கையாக வாங்கினால் பச்சை சாயலைக் கவனியுங்கள். ஆர்சனிக் கலந்த சிசிஏ மருந்து ஏற்றிய மரத்தை அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்குத் தயாரிப்பதை 2003 இறுதியோடு நிறுத்தினார்கள். அதற்கு முந்தியதாக இருக்கக்கூடும் என்று தோன்றினால் விட்டுவிடுவதே நல்லது.

விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியது: பைப் தடிமன், மொத்த எடை, ஒரு இருக்கைக்கான ஆடும் சுமை, எந்தத் தரத்துக்குச் சோதித்தது (வீட்டு ஊஞ்சலுக்கு இஎன் 71-8, ஐஎஸ்ஓ 8124-4 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1148), சோதனை அறிக்கையின் நகல். ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் வெறும் 'சிஇ' முத்திரை பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே ஒட்டிக்கொண்டது. ரிவியூவில் முதல் வாரத்து ஐந்து நட்சத்திரங்களைத் தள்ளிவிட்டு, ஒரு மழைக்காலம் கழித்துப் போட்ட படங்களைத் தேடுங்கள்.

பெட்டி வந்த அன்றே எடை போட்டு, பிரித்து, பாகங்களைப் பட்டியலோடு எண்ணிப் படம் எடுத்து வையுங்கள். 'பிறந்தநாளுக்குப் பிரிக்கலாம்' என்று மூலையில் வைத்த பெட்டியில் நாலு நட் குறைந்தாலும், துளைகள் நேருக்கு நேர் வராவிட்டாலும், திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்திருக்கும். துளை சேரவில்லை என்றால் டிரில் எடுத்துப் பெரிதாக்காதீர்கள். கோட்டிங்கும் போகும், 'நீங்களே மாற்றிவிட்டீர்கள்' என்று வாரண்டியும் போகும்.