கல்லைப் படிக்க எந்த வழி? மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஓர் ஒப்பீடு

வேலைக்கோ பரீட்சைக்கோ இல்லாமல், வெறும் ஆசைக்காகப் புவிச்சரிதவியல், அதாவது கல்லும் நிலமும் உருவான கதை, படிக்க நினைப்பவருக்கு இந்த இரண்டு மாவட்டங்களிலும் மூன்று வழிகள் இருக்கின்றன. எப்போதாவது நடக்கும் பொது உரைகளுக்குப் போகலாம். இணையத்தில் ஓர் இலவசப் பாடநெறியில் சேரலாம். அல்லது நாலைந்து பேர் சேர்ந்து வேன் பிடித்து, கல்லும் மணலும் இருக்கிற இடத்துக்கே போகலாம். மூன்றும் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சக் காசும் மட்டும் இருந்தால் எதில் போடுவது? என் வாக்கு களப்பயணத்துக்கு. காரணம் நம் ஊர்ப் பாறையிலேயே இருக்கிறது.

இலங்கையின் கிழக்குப் பக்கத்தில் பெரும்பகுதி விஜயன் தொகுதி எனப்படும் பாறைகளாலானது. ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகி உறைந்த கருங்கல் வகைகள் இவை. பிறகு 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஆழத்தில் அமுங்கி, வெந்து, நசுங்கி, வரிவரியான நைஸ் பாறையாக உருமாறின. இவற்றின் உறவுக்காரப் பாறைகளைத் தேடும் ஆய்வாளர்கள் மொசாம்பிக், அந்தாட்டிக்கா வரைக்கும் போகிறார்கள். இந்தக் கல்லில் புதைபடிவம் கிடையாது. அடுக்கடுக்காகப் படிந்த வரலாறும் கிடையாது. எரிமலையைத் தேடினாலும் கிடைக்காது.

தொடக்கநிலைப் பாடங்களோ, யார் எடுத்தாலும், இந்த மூன்றிலும்தான் பாதி நேரத்தைச் செலவழிக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அது பிரச்சினையில்லை. கீரிமலைப் பக்கம் மயோசீன் எனப்படும், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முந்திய காலத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பியின் தடத்தைத் தேடிப் பார்க்கலாம், பாடமும் கல்லும் ஒத்துப்போகும். நமக்கு அப்படி ஒத்துப்போகாது. ஆகவே எதைத் தேர்ந்தாலும், உருமாறிய பாறையைப் பற்றி அதில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

உரைகள்

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டிலும் புவியியல் துறை உண்டு. புவிச்சரிதவியலுக்கென்றே தனித்துறை வேண்டுமென்றால் பேராதனைக்குத்தான் போகவேண்டும். அதனால் நம் பக்கத்து உரைகளில் வெள்ளம், கரையோர அரிப்பு, டிசம்பர் 26 நெருங்கும்போது சுனாமி ஆகிய தலைப்புகளே அடிக்கடி வரும். கல்லைப் பற்றிய பேச்சு குறைவு.

உரையின் பெரிய பலம், தமிழில் கேள்வி கேட்கலாம் என்பது. பின் வரிசையில் இருக்கும் மீன்பிடிக்காரர் ஒருவர் எழுந்து, கச்சான் காற்றுக் காலத்தில் மணல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லத் தொடங்கினால் பேச்சாளரே குறிப்பெடுக்க வேண்டிவரும். பலவீனம், திரையில் வரும் படங்கள். அமெரிக்கப் பள்ளத்தாக்கையும் ஐஸ்லாந்து எரிமலையையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிற வழியில் இருக்கிற கல்மலையை அடையாளம் காணத் தெரியாமல் திரும்புகிறோம். ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாளராக நம்மில் பலருக்குத் தெரியும். 1903 இல் தொடங்கிய இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதல் இயக்குநர் அவர்தான் என்பதையும், தோரியனைட் என்ற கனிமத்தை இலங்கையில் கண்டறிந்தவர் அவர் என்பதையும் ஒரு மேடையிலாவது சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இணையப் பாடநெறிகள்

செலவு டேட்டா மட்டும்தான். நேரமும் நம் கையில். மொழிதான் தடை: நல்லவை எல்லாம் ஆங்கிலத்தில். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் ஓப்பன்லேர்ன் தளத்திலுள்ளவை குறுகியவை, ஆறுதலாகப் படிக்கத் தோதானவை. எம்ஐடியின் திறந்த பாடங்கள் கனமானவை, உயர்தரத்தில் கணிதமோ பௌதிகமோ எடுத்தவருக்குச் சரிவரும். கோர்செராவில் காணொளி பார்ப்பது சுகம், ஆனால் தேர்வும் சான்றிதழும் என்று வரும்போது பெரும்பாலும் காசு கேட்கும்.

என் தேர்வு இந்தியாவின் என்பிடெல். ஐஐடி ஆசிரியர்கள் எடுக்கும் இந்த விரிவுரைகள் பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது. கரும்பலகைக்கு முன்னால் நின்று எடுக்கும் வகுப்புப் போலவே போகும். ஆனால் தென்னிந்தியாவின் பழைய பாறைகள் நம் மலைநாட்டுப் பாறைகளுக்கு நெருங்கிய சொந்தம். அவற்றைப் பார்த்துப் பழகிய ஆசிரியர் சொல்லும் உதாரணம் நமக்குப் பொருந்துகிற அளவுக்கு, ஐரோப்பியக் கடற்கரைப் பாறையை வைத்துச் சொல்லும் உதாரணம் பொருந்தாது. எல்லாவற்றையும் முடிக்கவேண்டும் என்று வீம்பு பிடிக்காமல், கனிமங்கள், உருமாற்றம், பாறை மடிப்பு ஆகிய பகுதிகளை மட்டும் பார்த்தாலே போதும்.

ஒரு குறை எல்லாப் பாடநெறிக்கும் பொது. படத்தில் பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள் பளிச்சென்று வேறுவேறாகத் தெரியும். கையில் எடுத்த கல்லில் இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கும். கல்லைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, தட்டையாக மின்னினால் பெல்ட்ஸ்பார், கண்ணாடித்துண்டு மாதிரி ஒழுங்கில்லாமல் உடைந்திருந்தால் குவார்ட்ஸ் என்று பழக வேண்டும். இதற்கு வீடு கட்டுமிடத்தில் கொட்டிக்கிடக்கும் சல்லிக்கல் குவியலே போதும். புதிதாக உடைந்த முகம், வெயில் மழை படாத நிறம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று வாங்கினால் வேறெதுவும் தேவையில்லை.

களப்பயணங்கள்

இதற்குள்ளேயே ஒரு போட்டி உண்டு. உகந்தை, மகாஓயா, கடற்கரை என்ற மூன்றில் எது முதலில்?

உகந்தைதான் பலருடைய மனதில் முதலில் வரும். ஆடி மாதத்தில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் தங்கிப்போகும் முருகன் கோயில், கடலோரமாகப் பாறை, பக்கத்தில் குமண. பொத்துவிலில் இருந்து பாணமை வழியாகப் போகவேண்டும். பாணமைக்கு அப்பால் சொந்த வாகனம் இல்லாவிட்டால் சிரமம். போய்ச் சேர்ந்துவிட்டால் நைஸின் வரிகளை இவ்வளவு பெரிய பரப்பில் பார்ப்பது அரிது. கறுப்பு வரிகளில் ஹோர்ன்பிளெண்டு, பயோடைட் என்ற கருநிறக் கனிமங்கள். வெளிர் வரிகளில் குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும். வரிகள் நேராக ஓடாமல் வளைந்து மடிந்து போகிற இடத்தில், கல் ஒருகாலத்தில் இளகி ஓடியிருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய பாறைகளின் மேற்பரப்பு வெங்காயத் தோல் போல உரிந்து கிடப்பதையும் பாருங்கள். ஆழத்தில் அமுங்கிக் கிடந்த கல், மேலிருந்த பாரம் நீங்கியதும் விரிந்து வெடித்த வேலை அது. அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குத் தாந்தாமலை இருக்கிறது. அளவு சிறியது, பாடம் ஏறக்குறைய அதுவே.

மகாஓயா வெந்நீரூற்று வேறு சாதி. செங்கலடியில் இருந்து பதுளைக்குப் போகும் வீதியில் இருப்பதால் பஸ்ஸிலேயே போகலாம். நீரின் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டும், கன்னியாவை விடச் சூடு அதிகம். கீழே எரிமலை இருக்கிறது என்று அங்கே யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் பூமியின் வெப்பம் 25 பாகையளவில் கூடுகிறது. சூடான நீர் ஆறுவதற்குள் இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வந்துவிடுகிறது. நம் நாட்டு வெந்நீரூற்றுகளில் பல, விஜயன் தொகுதியும், நாட்டின் நடுப்பகுதிப் பாறைகளான மலைநாட்டுத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

ஆனால் பார்ப்பதற்கு அங்கே கிணறும் தண்ணீரும்தான். விளக்கம் தெரியாமல் போனால் கால் நனைத்துவிட்டு வருவதோடு சரி. நேரமிருந்தால் அதே வீதியில் பிபிலை தாண்டி லுணுகலை, பசறை என்று மேலே ஏறுங்கள். ஏறும்போது பாறையின் குணம் மாறும். கார்னெட் என்ற கனிமத்தின் செந்நிறப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் 1:100,000 வரைபடம் கையில் இருந்தால் இந்த ஒரு பஸ் பயணம் பல உரைகளுக்குச் சமம்.

இருந்தாலும் புதியவரை நான் கடற்கரைக்குத்தான் முதலில் அனுப்புவேன். கிட்ட இருக்கிறது, செலவில்லை, பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். மாரி முடிந்த கையோடு தை, மாசியில் போனால் மணலில் கறுப்புப் பட்டைகள் தெரியும். வாடைக்கால அலை, பாரம் குறைந்த குவார்ட்ஸ் மணலை இழுத்துப்போக, பாரமான கனிமங்கள் பின்தங்கிவிடுகின்றன. குவார்ட்ஸின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு. பாரமான கனிமங்களான இல்மனைட், சிர்க்கோன் இரண்டும் 4.5 மடங்கைத் தாண்டும். சாதாரணக் காந்தத்தைப் பொலித்தீன் பையில் போட்டு மணலில் இழுத்தால் மக்னடைட் என்ற இரும்புக் கனிமம் ஒட்டும். இல்மனைட்டுக்குப் பலமான காந்தம் வேண்டும். இந்த மணிகளில் ஏராளமானவை உள்நாட்டுப் பாறை உதிர்ந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்தவை. உகந்தையில் பார்க்கிற கல்லின் அடுத்த பிறவி இது.

பாலமீன்மடு முகத்துவாரம் இன்னொரு வகுப்பறை. வெளிச்சவீட்டுப் பக்கம் நின்று பார்த்தால், வாவியைக் கடலிலிருந்து பிரிக்கிற மணல்மேடு வளர்வதும் உடைவதும் ஆண்டுதோறும் நம் கண்முன்னேயே நடக்கிறது. கோடையில் மணல் அடைக்கும். மாரி வெள்ளம் கூடினால் வெட்டிவிடுவார்கள். வாவி எப்படிப் பிறந்தது என்பதற்கு விளக்கப்படமே தேவையில்லை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் உயர்ந்து தாழ்விடங்களுக்குள் புகுந்தது. பிறகு மணல்மேடுகள் வாயை மூடின. பாறையை விட்டுக் கரையைப் பற்றிப் பேசும்போது மட்டும் உரைகளுக்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். இங்கே நடப்பதைத் தினமும் பார்க்கிறவர்கள் அவையில் இருக்கிறார்கள் அல்லவா.

சுத்தியல் வேண்டாம். குமண தேசிய பூங்கா, தொல்லியல் இடங்கள், கோயில் பாறை எதிலும் கல்லுடைப்பது குற்றம் அல்லது பாவம், சில இடங்களில் இரண்டும். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டப்படி அகழவும் கொண்டுசெல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம். கைவில்லையும் கைபேசிக் கமராவும் போதும்.

கடற்கரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. திருக்கோவிலிலும் வாகரையிலும் இல்மனைட் அகழ்வுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். அங்கே நாலு பேர் காந்தமும் பையுமாக மணலைக் கிளறிக்கொண்டு நின்றால் யார் என்று கேட்கத்தான் செய்வார்கள், கேட்கவும் வேண்டும். போவதற்கு முதல் நாள் கோயில் தலைவரிடமோ மீனவர் சங்கத்திலோ ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.