வீட்டு ஊதுகருவி: பச்சை விளக்கை நம்பலாமா?

நோம்பிக்கு வீடு வரும் காலேஜ் பையனை நினைத்து குடித்த அளவை மூச்சில் காட்டும் மலிவு விலை ஊதுகருவி வாங்கப் போகிறீர்களா? அதன் பெரிய குறை விளக்குதான். வெளிநாட்டு அளவுக்குச் செய்த பல மாடல்கள் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 அல்லது 0.08 சதவீதம் தாண்டினால்தான் சிவப்பு காட்டும். நம் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால், அதாவது 0.03 சதவீதம். திரையில் 0.04 காட்டிப் பச்சை எரிந்தாலும், அவிநாசி ரோட்டில் நிறுத்தி ஊதச் சொன்னால் கேஸ்தான். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். எச்சரிக்கை அளவை மாற்ற வழியில்லாத மாடலை வாங்கவே வேண்டாம். அலகையும் பாருங்கள்: மூச்சின் லிட்டருக்கு மில்லிகிராம் என்று காட்டும் கருவியில் இதே வரம்பு சுமார் 0.14.

செமிகண்டக்டர் சென்சார் விலை குறைவு. ஆனால் சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோனையும் ஆல்கஹாலாக எண்ணிவிடக்கூடும். ஆல்கஹாலை இன்னும் சரியாகப் பிரித்தறியும் ஃப்யூயல் செல் வகை சென்சாருக்குக் கூடக் கொடுக்கும் காசு தகும். எதுவானாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது கேலிப்ரேஷன் (காட்டும் எண்ணைச் சரிபார்த்துத் திருத்துவது) வேண்டும். விற்பவர் செய்து தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். குடித்த உடனே ஊதினால் வாயில் தங்கிய சரக்கு எண்ணை ஏற்றிக் காட்டும். 20 நிமிடம் கழித்து, வாய் கொப்பளித்துவிட்டு ஊத வேண்டும். அப்போதும் குறைந்த எண்ணைப் பார்த்துக் கிளம்பக் கூடாது. முழுதாக ரத்தத்தில் கலக்க ஒரு மணி நேரம்கூட ஆகும், வழியில் ஏறும். இறங்குவதோ மணிக்குச் சுமார் 0.015 தான். மோரும் எலுமிச்சையும் அதை வேகப்படுத்தாது.

லைசென்ஸுக்கு 18, தமிழ்நாட்டில் மது வாங்க 21. இடைப்பட்ட வயதுக்கென்று ஓட்டும்போது தனி வரம்பு இல்லை, அதே 0.03.

பதினெட்டு நிறையாத பிள்ளைக்காக இதை வாங்காதீர்கள், சாவியை எடுத்து வையுங்கள். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவுப்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. நம் சம்மதத்தோடுதான் எடுத்தான் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். தோட்டத்துப் பால் கேன் ஏற்றும் எக்ஸ்எல் 100 மொபெட்டுக்கும் விலக்கில்லை. 16 வயதுச் சலுகை கியர் இல்லாத, 50 சிசி வரையுள்ள வண்டிக்கு மட்டும், அதுவும் லைசென்ஸோடு.