எங்கள் புளோக்கில் கொசு விடுகிறார்கள்: ஈசூனிலிருந்து வோல்பாக்கியா அனுபவம்

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம், கொசுவை ஒழிக்க இங்கே கொசுவையே கொண்டுவந்து விடுகிறார்கள் என்று சொன்னேன். "காசு குடுத்துக் கொசு வளக்கிறாங்களா?" என்று கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் பக்கம், டெங்கியைக் குறைக்கக் கொசு விடும் இந்த வோல்பாக்கியா திட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது புதிதாக வந்திருக்கும் வட்டாரங்களில் உள்ள தோழிகள் "வீட்டுக்குள் கொசு வருகிறதே, புகார் சொல்லலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலை வேளையில் ஊழியர் ஒருவர் டப்பாக்களோடு வருவார், வாரத்துக்கு இரண்டு தடவை. கீழ்த்தளத்திலும் சில மாடிகளின் தாழ்வாரத்திலும் மூடியைத் திறந்து தட்டிவிட்டுப் போய்விடுவார். நாம் செய்யவேண்டியது எதுவுமில்லை, கட்டணமும் இல்லை.

அந்த டப்பாவில் இருப்பவை எல்லாம் ஏடிஸ் எஜிப்தி என்ற இனத்தின் ஆண் கொசுக்கள். ஆண் கொசு கடிக்காது, அதன் வாயால் தோலைத் துளைக்க முடியாது, செடிகளின் சாறுதான் சாப்பாடு. இவற்றின் உடலுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கிறது. பூச்சி இனங்கள் பலவற்றில் இயற்கையாகவே இருக்கும் இது, டெங்கி பரப்பும் இந்தக் கொசுவில் இயல்பாகக் கிடையாது. வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத நம் பேட்டைப் பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. அவ்வளவுதான் விஷயம். மரபணுவை மாற்றவில்லை, மருந்தும் அடிக்கவில்லை. ஆனால் தப்பித்தவறி வோல்பாக்கியா உள்ள பெண் கொசு வெளியே போய்விட்டால் இரண்டு பக்கமும் பாக்டீரியா இருப்பதால் முட்டை பொரித்துவிடும், திட்டமே வீண். அதனால் கூட்டுப்புழுவாக இருக்கும்போதே அளவு பார்த்துப் பிரிக்கிறார்கள் (பெண் பெரியது), அப்படியும் தப்பும் பெண்களை மலடாக்கக் குறைந்த அளவு எக்ஸ்-கதிர் பாய்ச்சுகிறார்கள். 2019இல் ஆங் மோ கியோவில் இதற்கென்றே திறந்த நிலையத்தில் வாரத்துக்கு 5 மில்லியன் ஆண் கொசுக்கள் வரை உற்பத்தி செய்ய முடியும்.

வருவது ஆண் கொசுதான் என்பதை நான் கண்ணாலேயே பார்த்தேன். குளியலறைச் சுவரில் ஒன்றை அடித்தபோது மகள் பள்ளிக்கூட உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுவந்தாள், நான் கைப்பேசி விளக்கைப் பிடித்தேன். கால்களில் கறுப்பு வெள்ளை வரி, தலையில் இறகுபோல அடர்ந்த இரண்டு உணர்கொம்புகள். அந்த இறகு இருந்தால் ஆண். பெண்ணுக்கு மெல்லிய நூல் மாதிரிதான் இருக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செத்த கொசு எல்லாம் மகளின் பரிசோதனைக்குப் போய்த்தான் குப்பைக்குப் போகும்.

முதல் சில மாதங்கள் கஷ்டம்தான், மறைக்கவில்லை. மின்தூக்கிக்குள் கொசு, சாப்பாட்டு மேசைமேல் கொசு, கடிக்காது என்று தெரிந்தாலும் காதோரம் பறந்தால் கை தானாக ஓங்கும். நான் அடித்தேன், குற்ற உணர்ச்சியே வேண்டாம். அடுத்த தடவை இன்னும் கொண்டுவந்து விடுவார்கள்.

ஆனால் பலன்? 2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்தது. அதில் என் கணவரும் ஒருவர், ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே போன அந்த ஐந்து நாள் நான் தூங்கவில்லை. பல ஆண்டுகளாகக் கொசுவைக் கட்டுப்படுத்தி வைத்திருந்ததால் இங்கே பலருக்கு டெங்கி வந்ததே இல்லை, உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை, அதனால் கொஞ்சம் கொசு இருந்தாலே வேகமாகப் பரவிவிடுகிறது. புகையடித்து மட்டும் இதைச் சமாளிக்க முடியாது. 2016 அக்டோபரில் பிராடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் என்று மூன்று இடங்களில் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கினார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து விட்ட இடங்களில் ஏடிஸ் எஜிப்தி 80 முதல் 90 விழுக்காடு குறைந்தது என்றும், அங்கே வசிப்பவர்களுக்கு டெங்கி வரும் வாய்ப்பு சுமார் 75 விழுக்காடு குறைவு என்றும் தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. எங்கள் மாடியில் அப்புறம் யாருக்கும் டெங்கி வரவில்லை. ஒரு மாடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, இருந்தாலும் எனக்கு அது பெரிய நிம்மதி.

இந்தத் திட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், இது எஜிப்திக்கு மட்டும்தான். புதர்ப் பக்கம் கடிக்கும் ஏடிஸ் அல்போபிக்டஸுக்கும் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் கியூலெக்ஸுக்கும் இதனால் ஒன்றும் ஆகாது. விடுவதை நிறுத்தினால் பக்கத்து வட்டாரத்திலிருந்து பெண் கொசுக்கள் வந்து மறுபடி பெருகிவிடும், அதனால் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

இன்னொன்று, கொசு விடுகிறார்கள் என்பதற்காகத் தண்ணீரை அப்படியே விட்டுவிடாதீர்கள். போன மாதம்கூட எங்கள் வீட்டில் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன், துணி காயப்போடும் கழியைச் செருகும் குழாயை யாரும் பார்க்கவில்லை. மழைக்கு அப்புறம் மகள் எட்டிப் பார்த்தால் உள்ளே புழு நெளிகிறது. மூடி போட்டுவிட்டோம். உங்கள் வீட்டில் அந்தக் குழாய்க்கு மூடி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.